கோடை விடுமுறைக்கு எந்தத் திரில்லர் நாவலை எடுத்துச் செல்லலாம்?

கோடை விடுமுறையில் படிக்கத் திரில்லர் நாவலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பின்னட்டை வாசகத்தை நம்பாமல், முதல் அத்தியாயத்தையும் நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தையும் படித்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் தயவுசெய்து புரட்டிவிடாதீர்கள். இறுதித் திருப்பத்தை மட்டுமே நம்பியிருக்கும் கதையைவிட, முடிவு தெரிந்த பிறகும் பதற்றம் குறையாத கதையே மேலானது என்பது என் உறுதியான கருத்து. பிரெடரிக் ஃபோர்சைத் எழுதி 1971இல் வெளிவந்த 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' நாவலைத் திறக்கும்போதே, பிரெஞ்சு அதிபர் சார்ல் டி கோல் கொலையாளியின் கையால் சாகவில்லை என்பது வரலாறாகவே நமக்குத் தெரியும். ஆயினும் அந்தக் கொலையாளி, என்றோ இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரில் கடவுச்சீட்டுக்கு நிதானமாக விண்ணப்பிக்கும் இடத்தில் நெஞ்சு படபடக்கிறது. பயணத்தில் அடிக்கடி இடையூறு வருமென்றால் சிறு அத்தியாயங்கள் கொண்ட நாவலையும், தொடர் வரிசை என்றால் அதன் முதல் பாகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.