படிவம் 16 இரண்டு இருந்தால் போதுமா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2025 அக்டோபரில் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். பழைய இடத்தில் அந்த நிதியாண்டுக்கு ரூ.5.5 லட்சமும், புதிய இடத்தில் ரூ.8 லட்சமும் சம்பளம். இரண்டு இடத்திலும் வரி பிடிக்கவில்லை. இல்லத்தரசியான என் மனைவி பெயரிலும் 10 வயது மகள் பெயரிலும் நான் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு யூனிட்களை மாற்றினேன்; பணமாக எடுக்கவில்லை. இரண்டு நிறுவனங்களும் தந்த படிவம் 16-ஐ (சம்பளம், பிடித்த வரி பற்றிய சான்று) வைத்து நானே ரிட்டர்ன் தாக்கல் செய்யலாமா? போன வருடம் ஒரு வங்கி வட்டியைக் காட்டாமல் விட்டுவிட்டேன். அதனால் சிக்கல் வருமா?

பதில்: நீங்களே தாக்கல் செய்யலாம். ஆனால் அந்த இரண்டு தாள்கள் போதாது. நீங்கள் எழுதியதில் பாதி விஷயங்கள் அவற்றில் இருக்கவே இருக்காது.

முதலில் சம்பளம். வரி பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நிறுவனங்களும் தாங்கள் கொடுத்த சம்பளத்தை மட்டும் கணக்குப் போட்டிருக்கின்றன. ரூ.75,000 நிலையான கழிவு, 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லாமல் செய்யும் 87ஏ தள்ளுபடி இரண்டையும் இரண்டு பேருமே உங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி இவை வருடத்துக்கு ஒரு முறைதான். இரண்டு சம்பளத்தையும் கூட்டினால் 13.5 லட்சம், கழிவு போக 12.75 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டுவதால் தள்ளுபடி கிடையாது. புதிய வரிமுறையில் இதற்கு வரி ரூ.71,250, செஸ் சேர்த்து ரூ.74,100. வேலையில் சேர்ந்தபோதே பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் கொடுத்திருந்தால் புதிய நிறுவனம் மாதாமாதம் பிடித்திருக்கும். இப்போது முன்கூட்டிய வரி கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளின் கீழ் மாதம் 1 சதவீதம் வட்டியும் சேரும். ஆகவே தாக்கலுக்குக் கடைசி நாள் வரை காத்திருக்காமல், சுயமதிப்பீட்டு வரியை இப்போதே கட்டிவிடுங்கள்.

பழைய நிறுவனத்தின் பி.எஃப். பணத்தை எடுத்தீர்களா, புதிய கணக்குக்கு மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மொத்தச் சேவை ஐந்து வருடம் முடியுமுன் எடுத்திருந்தால் அதுவும் பொதுவாக வரிக்கு உட்பட்ட வருமானம். மாற்றியிருந்தால் பிரச்சினை இல்லை.

அடுத்து டெபாசிட். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் போட்ட டெபாசிட்டின் வட்டி, 64-வது பிரிவின்படி உங்கள் வருமானத்தில் சேரும். மகள் மைனர் என்பதால் அவள் பெயரில் வரும் வட்டி, தாய் தந்தையில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேரும்; இங்கே அது நீங்கள்தான். குழந்தைக்கு ரூ.1,500 என்ற விலக்கு பழைய வரிமுறையில் மட்டுமே. மனைவி பெயரிலான வட்டி அவருடைய பான் எண்ணின் கீழ்தான் பதிவாகும். உங்கள் பான் எண்ணின் பதிவில் தேடினால் கிடைக்காது. அதனால் மூவர் பெயரிலும் உள்ள எல்லா டெபாசிட்டுக்கும் வங்கியிடம் வட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். 2025-26-இல் ஒரு வங்கியில் வட்டி ரூ.50,000-ஐத் தாண்டினால்தான் டிடிஎஸ் (வட்டி தரும்போதே எடுக்கும் வரி) பிடிப்பார்கள். பிடிக்காததும் வருமானம்தான்.

மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்தில், பணம் கைக்கு வராவிட்டாலும் திட்டம் மாறுவது பழையதை விற்று புதியதை வாங்குவதாகவே கணக்கு. ஈக்விட்டி ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால், ரூ.1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் மாற்றியிருந்தால் லாபம் முழுவதற்கும் 20 சதவீதம். ஃபண்டுகளின் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் நிறுவனங்களின் தளங்களில் மூலதன ஆதாய அறிக்கை கிடைக்கும். குறுகிய கால லாபம் இருந்தாலோ நீண்ட கால லாபம் அந்த வரம்பைத் தாண்டினாலோ ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் செல்லாது, ஐடிஆர்-2 போட வேண்டும்.

இதெல்லாம் கையில் வந்த பிறகு வருமான வரித் தளத்தில் படிவம் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த, கட்டிய வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டையும் இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டி, டிவிடெண்ட், யூனிட் விற்பனை, போன வருட ரீஃபண்டோடு வந்த வட்டி என்று உங்களுக்கே மறந்துபோனவை அதில் இருக்கும். (ரீஃபண்ட் வட்டிக்கு வரி உண்டு, அதைக் காட்டுபவர்கள் குறைவு.) தவறான பதிவு இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம். ஆனால் ஏஐஎஸ்-இல் இல்லாத வருமானத்தை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது துறைக்கு வந்து சேர்ந்த தகவல்களின் தொகுப்பு, அவ்வளவே. ரிட்டர்னில் உறுதிமொழி கொடுப்பது நீங்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் 270ஏ பிரிவில் வரியில் 50 சதவீதம் அபராதம். தெரிந்தே பொய்க் கணக்கு காட்டியது என்று முடிவானால் 200 சதவீதம்.

பழைய வரிமுறையில்தான் உதவும் வாடகை, காப்பீடு, 80சி முதலீட்டு ரசீதுகளைத் தேடும் முன் அந்த முறையிலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லாபமில்லை என்றால் அந்த ரசீதுகளைத் தேடாமலே விட்டுவிடலாம். லாபம் என்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை (ஆன்லைனில் உறுதிப்படுத்துதல்) செய்ய மறக்காதீர்கள். செய்யாவிட்டால் தாக்கல் செய்யாததற்குச் சமம்.

போன வருட வட்டி: 2024-25 நிதியாண்டுக்கான திருத்திய ரிட்டர்ன் கெடு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. இனி 139(8ஏ) பிரிவின் கீழ் ஐடிஆர்-யு (புதுப்பித்த ரிட்டர்ன்) தான் வழி. 2027 மார்ச் 31-க்குள் போட்டால், விடுபட்ட வரி மற்றும் வட்டியின் மேல் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கு அடுத்த வருடம் 50 சதவீதம். ஒரு நிதியாண்டின் கணக்குக்கு ஒரு முறைதான் இதைப் போடலாம். அதனால் அந்த ஒரு வங்கியோடு நிறுத்தாமல், மனைவி, மகள் டெபாசிட்டின் அந்த வருட வட்டியையும் சேர்த்தே காட்டுங்கள்.