வாசகர் கேள்வி – பதில்: கல்வீடா, கிடுகுக் கொட்டிலா?

கேள்வி: நாங்கள் மூவர். நான் பாடுவேன்; தம்பி கிற்றார் வாசிப்பான்; மச்சான் மிருதங்கமும் உடுக்கும் வாசிப்பார். நாங்களே எழுதி மெட்டமைத்த நான்கு பாடல்களை டெமோவாகப் பதிவுசெய்து இசையமைப்பாளர்களுக்கு அனுப்ப விரும்புகிறோம். ஸ்ரூடியோவுக்குச் செல்ல வசதியில்லை. கையில் 40,000 ரூபாவும் ஒரு பழைய மடிக்கணினியும் உள்ளன. வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீட்டின் முன்னறையில் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து பார்த்தபோது, கிணற்றுக்குள் நின்று பாடியதுபோல் கேட்கிறது. ஸ்ரூடியோக்களில் பாவிக்கும், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கொண்டென்சர் மைக் நல்லதாக ஒன்றை வாங்கினால் இந்தக் குறை தீருமா?
– வாசகர், விசுவமடு

பதில்: தீராது, இன்னும் கூடவும் கூடும். குறை தொலைபேசியில் இல்லை, அறையில் இருக்கிறது. பூசிய சுவரும் சீமெந்துத் தரையும் உங்கள் குரலைத் திருப்பி எறிய, அந்த எதிரொலி சற்றுப் பிந்தி வந்து குரலோடு சேர்ந்து பதிவாகிறது. மைக் எவ்வளவு நல்லதோ, அவ்வளவு தெளிவாக அந்த எதிரொலியையும் அது கேட்கும். எதிரொலி இல்லாத பதிவுக்குப் பின்னர் மென்பொருளில் வேண்டிய அளவு எதிரொலி சேர்க்கலாம். ஆனால் கலந்துவிட்டதைக் குரல் கெடாமல் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

மீள்குடியேறிய காலத்தில் போட்ட கிடுகுக் கொட்டிலைக் கல்வீடு வந்த பின்னரும் அடுக்களையாகவோ விறகுக் கொட்டிலாகவோ வைத்திருக்கும் வளவுகள் வன்னியில் பல. உங்கள் வளவிலோ அயலிலோ அப்படியொன்று இருந்தால், அதைக் கூட்டித் துப்புரவாக்கி அங்கேயே பதிவுசெய்யுங்கள். பின்னிய ஓலை அடுக்கடுக்காகவும் ஒழுங்கற்றும் இருப்பதால் மேல்சுர ஒலி அதற்குள் சிதறி அடங்கிவிடுகிறது. கீழ்சுர ஒலியோ தடுக்கக் கனமான சுவர் இல்லாததால் வெளியே போய்விடுகிறது. பணம் கொடுத்து ஓர் அறையில் செய்விக்கும் வேலையை அந்தக் கொட்டில் சும்மா நின்றே செய்கிறது.

ஆனால் உள்ளிருப்பதை வெளியே விடும் ஓலை, வெளியிலிருப்பதையும் உள்ளே விடும். ஆகவே நேரம் பார்க்கவேண்டும். மாரியில் இரவு முழுவதும் தவளை. காலபோக அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரங்களும் வெட்டு இயந்திரமும். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி. மாங்குளத்தில் ஒருமுறை நான் விடியற்புறத்தில் பதிவுசெய்தபோது, சரணத்தின் கடைசி அடியில் சரியாகச் சுருதி பிசகி ஒரு மயில் அகவியது. ஒரு நாள் முழுவதும் மணிக்கு ஒரு தடவை ஒரு நிமிடம் வெறுமனே பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்டு, அமைதியான நேரத்தை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

கொட்டில் இல்லையென்றால், கல்வீட்டின் மிகச் சிறிய அறையை அல்ல, பொருள் நிறைந்த அறையைத் தெரிவுசெய்யுங்கள். நெல் மூட்டை அடுக்கிய அறை மிக நன்று. மெத்தையையோ தடித்த போர்வையையோ பலர் மைக்கின் பின்னால் தொங்கவிடுகிறார்கள். அதைவிடப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுவதே பயன் தரும், ஏனெனில் பாடுவதற்கான மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கத்தையே கூடுதலாகக் கேட்பவை. பாடுபவரின் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் நேரே அவற்றின் வாய்க்குள் வருகிறது. முட்டைத் தட்டுகளை ஒட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவை ஒலியை உறிஞ்சுவது மிகச் சொற்பம்.

இனிப் பணம். இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஓடியோ இன்டர்பேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் சிறு பெட்டி) ஒன்றையும், காதை முழுவதும் மூடும் வயர் உள்ள ஹெட்போன் ஒன்றையும் முதலில் வாங்குங்கள். இன்டர்பேஸ் பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. மைக்கை இப்போதைக்கு இரவல் வாங்கலாம்: கோயிலிலோ சனசமூக நிலையத்திலோ மேடைக்கு வைத்திருக்கும், தனி மின்சாரம் தேவையில்லாத டைனமிக் மைக் டெமோவுக்குத் தாராளமாகப் போதும். 1966 இல் வந்த ஷுவர் எஸ்எம்58 என்ற மேடை மைக்கைப் பாடகர்கள் இன்றும் பாவிக்கிறார்கள். அதன் வயரை மட்டும் கவனியுங்கள். இரண்டு முனையிலும் மூன்று ஊசி இணைப்பு உள்ள வயரே இன்டர்பேஸுக்குப் பொருந்தும். கொண்டென்சர் வாங்குவதென்றால் அதற்கு இன்டர்பேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள். மென்பொருளுக்குச் செலவே இல்லை. ஓடாசிற்றி இலவசமானது, பழைய கணினியிலும் ஓடும்.

பதிவை 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில் வைத்து, உச்சக் குரலிலும் அளவுமானி கழித்தல் 12 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி போதும். நேரே பாடாமல் சற்றுச் சரித்துப் பாடினால் ‘ப’கரம் வெடிக்காது. கிற்றாரின் நடு ஓட்டைக்கு நேரே மைக்கை வைத்தால் உறுமும்; கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி ஒரு சாண் தள்ளி வையுங்கள். மிருதங்கம் இரு முகம் கொண்டது. ஒரே மைக்கென்றால் மூன்றடி தள்ளி, முன்புறமாகச் சற்று மேலே வைத்து, வலந்தலையும் (வலப்பக்க முகம்) தொப்பியும் (இடப்பக்க முகம்) சமமாகக் கேட்கும்வரை நகர்த்துங்கள். இந்த நகர்த்தலுக்கு ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்கினாலும் தகும். மடிக்கணினியில் மின்சார இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் பதிவுசெய்யுங்கள்.

நான்கு பாடல்கள் வேண்டாம், இரண்டு போதும் என்பது என் கருத்து. குரலையும் கிற்றாரையும் ஒன்றாகவே பதிவுசெய்து, மிருதங்கத்தைப் பின்னர் சேருங்கள். தனித்தனியாகப் பதிந்தால் சுத்தமாக இருக்கும். ஆனால் தம்பி உங்கள் மூச்சைக் கேட்டு வாசிப்பது அதில் இருக்காது.

கேள்வி: முதற் குரலைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது குரலைப் பதிவுசெய்கிறேன். பாடும்போது சரியாகத்தான் இருக்கிறது. கேட்கும்போது இரண்டாவது குரல் பிந்துகிறது. புளூடூத் ஹெட்போன் பாவிக்கிறேன். தாளம் எனக்குப் பிசகுகிறதா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிசகுவது தாளமல்ல, ஹெட்போன். புளூடூத் வழியே ஒலி காதுக்கு வரப் பத்தில் ஒரு நொடிக்கு மேலும் பிந்தலாம். அந்தப் பிந்திய ஒலியோடு நீங்கள் சரியாகத்தான் பாடுகிறீர்கள். வயர் ஹெட்போனுக்கு மாறுங்கள். அதன் பின்னரும் சிறு பிந்தல் இருந்தால், ஒரு கைதட்டலைப் பதிவுசெய்து, ஹெட்போனை மைக்கோடு ஒட்டிவைத்து அதை ஒலிக்கவிட்டு மீண்டும் பதிவுசெய்யுங்கள். இரண்டு தட்டல்களுக்கும் இடைப்பட்ட மில்லிசெக்கனை அளந்து, ஓடாசிற்றியின் அமைப்புகளில் பிந்தலை ஈடுசெய்யும் இடத்தில் அதற்கேற்பத் திருத்தினால் குரல்கள் ஒன்றுசேரும்.

கேள்வி: முடிந்த பாடலை எந்த வடிவில் அனுப்புவது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: கேட்பதற்கு 320 கிலோபிற் எம்பி3 போதும். மூலமான, சுருக்கப்படாத வேவ் கோப்புகளை, ஒவ்வொரு குரலும் கருவியும் தனித்தனியாக, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பாடல் பிடித்துவிட்டால் அடுத்து அவற்றைத்தான் கேட்பார்கள்.