கைப்பேசியின் கண்ணும் விளக்கும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை போனின் ஒளி சென்சார், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும் விளக்கு, கேமரா ஃபிளாஷ் ஆகியவை பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: புது டெம்பர்டு கிளாஸ் ஒட்டியதிலிருந்து, பேசும்போது போனைக் காதில் வைத்தாலும் திரை அணைவதில்லை. கன்னம் பட்டு அழைப்பு ‘மியூட்’ ஆகிவிடுகிறது. டிஸ்பிளேயையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கண்ணாடியை உரித்துவிட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள். கோளாறு சென்சாரில் இருப்பதைவிட அதன் மேல் ஒட்டியிருப்பதில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அகச்சிவப்பு எல்.இ.டி.யும், அதை ஒட்டி, ஒளி பட்டால் உணரும் ஒரு போட்டோடயோடும் இருக்கின்றன. எல்.இ.டி. விட்டுவிட்டு ஒளியை அனுப்பும். அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர், சில போன்களில் 850. முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் ‘ஏதோ பக்கத்தில் இருக்கிறது’ என்று போன் முடிவுசெய்து திரையை அணைக்கும். வெயிலில் வரும் 940 நானோமீட்டர் ஒளியில் ஒரு பகுதியைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடுகிறது. அதனால் வெட்டவெளியிலும் சென்சார் அதிகம் குழம்பாது. அந்த அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம்.

இந்த அமைப்பு இரண்டு விதமாகக் கெடும். கண்ணாடியின் கறுப்பு விளிம்பு சென்சாருக்கு மேல் வந்துவிட்டால் ஒளி வெளியே போகாது, திரும்பியும் வராது. உங்களுக்கு நேர்ந்திருப்பதுபோலத் திரை எரிந்துகொண்டே இருக்கும். மாறாக, கண்ணாடிக்கும் திரைக்கும் இடையில் காற்றுக்குமிழோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால், வெளியே போக வேண்டிய ஒளி அங்கேயே பட்டு நேராக டயோடுக்குள் வந்துவிடும். அப்போது அழைப்பு முடிந்த பிறகும் திரை இருட்டாகவே கிடக்கும். கறுத்த, அடர்ந்த முடி அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்வதால், காதின் மேல் முடி விழுந்திருக்கும்போது மட்டும் திரை எரிவதும் உண்டு. அது பழுது அல்ல.

சோதிக்க வழி இருக்கிறது. சாம்சங் போனில் டயல் செய்யும் இடத்தில் *#0*# என்று அடித்து ‘சென்சார்’ பகுதிக்குப் போங்கள். ரெட்மி, ஷாவ்மி போன்களில் *#*#6484#*#*. உள்ளங்கையை மெல்ல அருகே கொண்டுபோனால் அளவு மாற வேண்டும். பல போன்கள் இரண்டே எண்களைத்தான் காட்டும்: பக்கத்தில் இருந்தால் 0, தள்ளி இருந்தால் 5. இடைப்பட்ட எண் எதுவும் வரவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

டிஸ்பிளே மாற்றிய பிறகு இந்தக் கோளாறு தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்.இ.டி.க்கும் டயோடுக்கும் நடுவே ஒளி கசியாமல் தடுக்கும் சிறிய கறுப்பு ரப்பர் உறை ஒன்று உண்டு. பழைய டிஸ்பிளேயோடு சேர்ந்து அது குப்பைக்குப் போய்விடுவது வழக்கம். மாற்றியவரிடமே போய் ‘அந்த ரப்பர் இருக்கிறதா’ என்று கேளுங்கள். சென்சார் புதிது போட்டாலும் அந்த ரப்பர் இல்லாவிட்டால் சரியாகாது.

கேள்வி: தானியங்கி பிரைட்னஸ் எப்படி வேலை செய்கிறது? இரவில் திரை தேவைக்கு மேல் மங்குகிறது.

சிலிக்கான் டயோடுக்கு நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட அகச்சிவப்புதான் நன்றாகத் தெரியும். நம் கண்ணோ 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை. குண்டு பல்பு தரும் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்பு என்பதால், வெறும் டயோடை வைத்து அளந்தால் அந்த அறையை மிகப் பிரகாசம் என்று போன் நினைத்துக்கொள்ளும். இதைச் சரிக்கட்டக் குறைந்தது இரண்டு டயோடுகளை வைக்கிறார்கள். ஒன்று எல்லா ஒளியையும் அளக்கும், இன்னொன்று அகச்சிவப்பை மட்டும். இரண்டாவதை முதலிலிருந்து கழித்தால் கண் உணரும் வெளிச்சத்துக்கு நெருக்கமான எண் கிடைக்கும். அதன் அலகு லக்ஸ்.

நேரடி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நல்ல வெளிச்சமுள்ள அலுவலக மேசை 300 முதல் 500. இரவில் வீட்டுக் கூடம் 50 முதல் 150. இவ்வளவு பெரிய வீச்சு இருப்பதால் போன் நேர்விகிதத்தில் கூட்டிக் குறைப்பதில்லை. குறைந்த வெளிச்சத்தில் நடக்கும் சிறு மாற்றத்துக்கும் திரை நிறையவே அசையும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் ‘அடாப்டிவ் பிரைட்னஸ்’ உங்கள் கையசைவைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. ஆகவே இரவில் திரை மங்கினால் அந்த வசதியை அணைத்துவிடாதீர்கள். அந்த வெளிச்சத்தில் இருந்தபடியே பிரைட்னஸ் கோட்டை உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள். சில நாள் இப்படிச் செய்தால் பழகிவிடும். கண்ணாடியின் கறுப்பு விளிம்பு இந்த சென்சாரை மறைத்தாலும் திரை எப்போதும் மங்கலாகவே இருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வகுப்பறை வெளிச்சத்தை அளக்க லக்ஸ் மீட்டர் வாங்க வேண்டுமா, போன் போதுமா? (ஓர் அறிவியல் ஆசிரியை)

சான்றிதழ் தரும் வேலைக்குப் போதாது, பாடம் நடத்தத் தாராளமாகப் போதும். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ செயலி இலவசம். ஆண்ட்ராய்டு போனின் ஒளி சென்சார் அளவை அது அப்படியே காட்டும். ஐபோன் தன் ஒளி சென்சாரைச் செயலிகளுக்குத் திறந்துவிடுவதில்லை, எனவே ஆண்ட்ராய்டையே எடுங்கள்.

தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும் என்ற எதிர் இருமடி விதியைக் காட்டிப் பாருங்கள். இருட்டறை, சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்று, அளவுகோல். சென்சாரிலிருந்து 20 செ.மீ. தள்ளி விளக்கை வைத்து அளவைக் குறியுங்கள். 40 செ.மீ.யில் கால்பங்கும், 60 செ.மீ.யில் ஒன்பதில் ஒரு பங்கும் வர வேண்டும். வரவில்லையென்றால் முதலில் சுவரைச் சந்தேகியுங்கள். வெள்ளைச் சுவரிலிருந்து திரும்பும் ஒளி, தூரம் கூடக்கூட அளவை ஏற்றிவிடும். மேசையில் கறுப்புத் துணி விரித்து, விளக்கை எரியவிடாமல் கிடைக்கும் அளவை ஒவ்வொன்றிலிருந்தும் கழியுங்கள். முன்னால் கண்ணாடிக் குவிவில்லை வைத்த டார்ச் இதற்கு ஆகாது. அது ஒளியைக் கற்றையாக்கிவிடுவதால் விதி பொய்த்ததுபோலத் தெரியும். இன்னொன்று, ஆண்ட்ராய்டின் ஒளி சென்சார் அளவு மாறும்போது மட்டுமே புது எண்ணை அனுப்பும். எண் அசையாமல் நின்றால் செயலி உறைந்துவிட்டது என்று மாணவர்கள் கத்துவார்கள். கையால் ஒருமுறை மறைத்து எடுத்தால் போதும்.

கேள்வி: டி.வி. ரிமோட் கெட்டதா, பேட்டரி போனதா என்று போனை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். ஊதா கலந்த வெள்ளையாகப் புள்ளி மினுக்கினால் ரிமோட் நலம். பின் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும், அதனால் அதில் தெரியாமல் போகலாம். முன் கேமராக்கள் பலவற்றில் அது அவ்வளவு வலுவில்லை.

கேள்வி: என் போனில் ரிமோட்டாகப் பயன்படும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) விளக்கு இல்லை. ஆனால் ஹெட்போன் துளை இருக்கிறது. அதில் செருகும் ஐ.ஆர். துண்டை நாமே செய்யலாமா?

செய்யலாம். மிக அழகான தந்திரம் அது.

டி.வி.யில் இருக்கும் ஏற்பி, நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்பை மட்டும் கவனிக்கும். வெயிலையும் பல்பையும் ஒதுக்கத்தான் இந்த ஏற்பாடு. ரிமோட்டுகளில் பரவலான என்.இ.சி. என்ற குறியீட்டு முறையில் ஒரு கட்டளை இப்படிப் போகும்: முதலில் 9 மில்லிநொடி துடிப்பு, 4.5 மில்லிநொடி மௌனம், பிறகு 32 பிட்டுகள். ‘0’ என்றால் மொத்தம் 1.125 மில்லிநொடி, ‘1’ என்றால் 2.25 மில்லிநொடி. சோனி 40 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும், பிலிப்ஸின் ஆர்.சி.5 முறை 36-இல்.

போனின் ஒலி வெளியீட்டால் 38 கிலோஹெர்ட்ஸ் தர முடியாது. வழக்கமான 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கோப்பில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பதியவே இயலாது. ஆகவே 19 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொண்டு, இரண்டு எல்.இ.டி.களைத் தலைகீழாக இணைக்கிறோம். அலையின் மேல்பாதியில் ஒன்று எரியும், கீழ்பாதியில் மற்றது. இரண்டும் சேர்ந்து 38,000 துடிப்பு.

தேவையானவை: 940 நானோமீட்டர், 5 மி.மீ. அகச்சிவப்பு எல்.இ.டி. இரண்டு, 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின் ஒன்று, ஈயப்பற்று, சுருங்கும் குழாய். முதல் எல்.இ.டி.யின் நீளக் காலைப் பின்னின் நுனிக்கும், குட்டைக் காலை நடு வளையத்துக்கும் பற்றவையுங்கள். இரண்டாவதை அப்படியே மாற்றி, நீளக் கால் வளையத்துக்கு, குட்டைக் கால் நுனிக்கு. அடிப்பகுதியான தரைமுனையில் எதுவும் சேர்க்கக் கூடாது. ஒலிக்கோப்பில் இடது, வலது தடங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக ஏறி இறங்க வேண்டும். அப்போதுதான் இரண்டு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் இரட்டிப்பாகி, எல்.இ.டி. எரியத் தேவையான 1.2 வோல்ட்டைத் தாண்டும். இதற்கென்றே உள்ள ஆடியோ ரிமோட் செயலிகள் இதைத் தாமே செய்துவிடும்.

வேலை செய்யவில்லையா? ஒலி முழு அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஈக்வலைசர், டால்பி எல்லாவற்றையும் அணையுங்கள். ‘அணுகல்தன்மை’ அமைப்பில் ‘மோனோ ஆடியோ’ இயங்கினால் இரு தடங்களும் ஒன்றாகி, இடையே மின்னழுத்தமே இருக்காது. பலரும் தவறவிடுவது இதைத்தான். கோப்பு எம்.பி.3 ஆக இருந்தால் மேல் அதிர்வெண்களை வெட்டிவிட வாய்ப்பு உண்டு, வேவ் கோப்பையே வையுங்கள். முன் கேமராவில் பார்த்தால் இரண்டு எல்.இ.டி.யும் மினுக்க வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் பற்றவைத்துவிட்டாலும் இரண்டும் மினுக்கும், ஆனால் 19,000 துடிப்புதான் போகும், டி.வி. கண்டுகொள்ளாது. சி-டைப் மாற்றி வழியாகச் செருகுபவர்களுக்கு ஒளி மங்கலாகத் தெரிந்தால், அந்த மாற்றி தரும் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள்.

ஏ.சி.க்கு இதைப் பயன்படுத்தும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டி.வி. ரிமோட் ‘ஒலியைக் கூட்டு’ என்று மட்டும் சொல்லும். ஏ.சி. ரிமோட்டோ பெரும்பாலும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வெப்பநிலை, விசிறி வேகம், இயக்கமுறை எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பும். அதனால் உங்கள் ஏ.சி. மாடல் செயலியின் பட்டியலில் சரியாக இருந்தால்தான் பலிக்கும்.

கேள்வி: ஃபிளாஷ் போட்டால் படம் முழுக்க வெண்புகை படிந்தாற்போல் வருகிறது. கல்யாண மண்டபத்தில் ஃபிளாஷ் போட்டும் மேடை இருட்டாகவே இருக்கிறது. ஏன்?

இரண்டும் வெவ்வேறு சங்கதி. வெண்புகைக்குக் காரணம் பெரும்பாலும் பின் கவர். ஃபிளாஷின் ஒளி கவரின் ஓட்டை விளிம்பில் பட்டு லென்ஸுக்குள் சிதறுகிறது. கறுப்புத் துணி ஒன்றை இருட்டில் ஃபிளாஷோடு எடுங்கள், கவருடன் ஒன்று, கவர் இல்லாமல் ஒன்று. கவரைக் கழற்றியதும் துணி கறுப்பாக வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஓட்டையின் உள்விளிம்பைக் கறுப்பு மார்க்கரால் பூசினாலே பெரும்பாலும் தீரும். கழற்றியும் சாம்பலாக வந்தால் லென்ஸ் கண்ணாடியைத் துடையுங்கள். பின்கண்ணாடி மாற்றிய போனாக இருந்தால், ஃபிளாஷுக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள கறுப்பு ஃபோம் விட்டுப்போயிருக்கும்.

மேடை இருட்டுக்குக் காரணம் தூரம். 1 மீட்டரில் கிடைக்கும் ஒளியில் 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும், 10 மீட்டரில் நூறில் ஒன்று. போன் ஃபிளாஷ் என்பது ஏறத்தாழ 450 நானோமீட்டர் நீல எல்.இ.டி.யின் மேல், நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூசியது. பழைய கேமராவின் ஃபிளாஷான செனான் வாயுக் குழாய், சுமார் 300 வோல்ட்டில் ஏற்றிய மின்தேக்கியை (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கொட்டித் தீர்க்கும். அந்த வீரியம் எல்.இ.டி.க்கு வராது. செனானைப் போனுக்குள் வைத்தவர்களும் உண்டு: நோக்கியா 808 (2012), லூமியா 1020 (2013). ஆனால் தடித்த மின்தேக்கி, ஒவ்வொரு படத்துக்கும் காத்திருப்பு, கூடவே இயந்திர ஷட்டர் என்று இடம் பிடித்ததால் அந்த வழி நின்றுபோனது. எங்கள் கருத்தில் அது ஓர் இழப்புதான். ஓடும் குழந்தையை அசைவின்றிப் பிடிக்க செனானுக்கு இணையில்லை.

மண்டபத்தில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ‘நைட்’ முறையில், முழங்கையைத் தூணில் ஊன்றி எடுங்கள். பேட்டரி குறைந்ததும் ஃபிளாஷ் மறுப்பது பழுது அல்ல. ஒரு முறை ஃபிளாஷ் அடிக்க 1 ஆம்பியர் அளவுக்குக்கூட இழுப்பதால், அந்த நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து போனே அணைந்துவிடாமல் இருக்க மென்பொருள் தடுக்கிறது.

பழைய செனான் கேமராவைப் பிரிக்க நினைப்பவர்கள் கவனம்: பேட்டரியைக் கழற்றிய பிறகும் மின்தேக்கியில் அந்த 300 வோல்ட் வெகுநேரம் தங்கியிருக்கும். கைபட்டால் பலத்த அதிர்ச்சி.

கேள்வி: வீடியோவில் டியூப்லைட் கீழே கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. கேமரா சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் சில வரிகள் இருண்ட கணத்தில் மாட்டிக்கொள்கின்றன. கேமரா அமைப்பில் ‘ஆன்டி பேண்டிங்’ (கோடு தடுப்பு) இருந்தால் 50 ஹெர்ட்ஸ் வையுங்கள். ‘புரோ’ முறையில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்கினால் கோடு மறையும். 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்து வந்த போனில் இது அடிக்கடி நேரும்.

கேள்வி: முகம் பார்த்துத் திறக்கும் போன் கண்ணுக்குக் கெடுதலா?

2017-இல் வந்த ஐபோன் 10 முதல், அகச்சிவப்பு லேசரால் 30,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தில் வீசி அதன் மேடுபள்ளத்தை அளக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் கண்மணி சுருங்காது, இமையும் மூடாது. அதனால் லேசருக்கான பாதுகாப்பு வரம்பை அதையும் கணக்கில் கொண்டே வகுத்திருக்கிறார்கள். இவை வழக்கமான பயன்பாட்டில் பாதுகாப்பான ‘வகுப்பு 1’ லேசருக்குள் வருபவை, தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்தப் பகுதி அடிபட்டது தெரிந்தால் ஐபோன் பாதுகாப்புக்காக அதை அணைத்துவிடக்கூடும். அப்போது வெளியாள் கடையில் அந்த அணைப்பைத் தாண்டச் சொல்லாதீர்கள். கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கக் கூடாதது டார்ச்சாக எரியும் அந்த வெள்ளை எல்.இ.டி.தான், முக்கியமாகக் கைக்குழந்தைகளைப் படமெடுக்கும்போது.