அட்டை வேண்டாம், பத்து ரூபாய் வில்லை போதும்

திருவாரூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சமூக நீதித் தாள் நடத்தும் விரிவுரையாளர் கேட்கிறார்: "கீழ்வெண்மணிப் படுகொலையை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். களத்தில் இறக்கிக் கற்றுக்கொடுக்க ஆசை. ஓர் அமைப்பு, தலைக்கு 500 ரூபாய் கட்டினால் மனித உரிமைப் பயிற்சியும் அடையாள அட்டையும் தருகிறதாம். சேரலாமா?"

சேராதீர்கள், அம்மா. அந்த அட்டைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் எழுதக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வண்டியில் 'மனித உரிமை' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் வசூல் செய்பவர்களை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். உங்கள் பிள்ளைகளின் போட்டோவைக் காட்டித்தான் அடுத்த கல்லூரியில் ஆள் பிடிப்பார்கள்.

அந்தப் பணத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் ஒரு மனு எழுதி அதில் ஒட்டினால் போதும். டெல்டாவில் இன்றும் பல சேரிகளில் சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல், நாற்று நட்ட வயலில் இறங்கித்தான் பிணத்தைத் தூக்கிப்போகிறார்கள். அதையே பாடமாக்குங்கள். "ஏன் பாதை போடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் தட்டிக்கழிப்பார்கள். சுடுகாட்டின் புல எண் (சர்வே நம்பர்) என்ன, வருவாய்ப் பதிவேட்டில் அதற்குப் பாதை இருக்கிறதா, ஊர் கொடுத்த மனுக்களின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் எங்கே என்று ஆவணமாகக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். அந்தத் தெருவிலிருந்தே வரும் மாணவனைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். அவன் அப்பா நாளைக்கு அந்த வயலின் மிராசுதாரிடமே வேலைக்குப் போகவேண்டும். மனு போட்டவன் யாரென்று ஆபீஸிலிருந்து சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிடும். எந்தக் குடிமகனும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தொடர்புகொள்ள முகவரி இருந்தால் போதும் என்கிறது சட்டம். எனவே உங்கள் பெயரில், கல்லூரி முகவரியில் அனுப்புங்கள். அவன் ஆர்வத்தோடு முன்வந்தாலும் முதலில் வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். வகுப்பில் மற்றவர்கள் முன்னால் கேட்டால் அவனால் மறுக்க முடியாது. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பதிலுக்கு 30 நாள் கெடு. வராது, அல்லது "கோப்பு கிடைக்கவில்லை" என்று வரும். இருபது வருஷம் தாண்டியும் இந்தச் சட்டத்தை ஒழுங்காக மதிக்கத் தெரியாத ஆபீஸ்களை நினைத்தால் வயிறு எரிகிறது. விடாமல் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

இந்தக் காகிதங்கள் கையில் இருக்கும்போது வெண்மணியைத் திறங்கள். கூலி உயர்வு கேட்ட ஊரில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நியாயக் கூலிச் சட்டம் 1969-ல்தான் வந்தது. சொந்த மனுவுக்கு பதில் வராத மாணவன், வெண்மணி நாட்களில் யார் யார் மனு எழுதினார்கள், யார் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று தானாகவே கேட்பான். செமஸ்டரின் முதல் வாரத்திலேயே மனுவை அனுப்பிவிடுங்கள். பரீட்சைக்கு முன் மேல்முறையீடு வரை நடத்திவிடலாம்.