பரந்தனுக்கு ஓடும் பிஎம்டபிள்யூ: இன்னும் செலவழிப்பதா, விற்பதா?

கேள்வி: அண்ணை, நான் கிளிநொச்சி. போன வருடம் தரகர் ஒருவர் மூலம் கொழும்பில் 2011ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 520டி ஒன்று வாங்கினேன். தினமும் பரந்தனில் இருக்கிற கடைக்குப் போய்வரத்தான் ஓடுகிறது. சில மாதத்திலேயே எஞ்சின் லைட் எரியத் தொடங்கிவிட்டது. சில நாட்களில் இழுவையே இல்லை. இடைக்கிடை கியர்பொக்ஸ் பழுது என்று திரையில் வரும், நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் போய்விடும். ஈஜிஆர் வால்வும் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) சென்சர்களும் மாற்றியாயிற்று. லைட் திரும்பத் திரும்ப வருகிறது. இப்போது புகை பில்டரை வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள். இன்னும் செலவழிப்பதா, விற்பதா?

பதில்: தம்பி, அதைத் தீர்மானிக்க முதல் ஒரு சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் பொனற்றைத் திறந்துவைத்து ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் முன்கண்ணாடிப் பக்கமாக, அதாவது எஞ்சினின் பின்புறத்தில், காதைக் கொடுங்கள். சங்கிலி உரசுவதுபோல ஒரு கரகரப்பு வருகிறதா? மெல்ல அக்சிலேற்றரைக் கொடுத்து 1500, 2000 சுற்றுக்குக் கொண்டுபோகும்போதும் அது கேட்கிறதா?

உங்கள் காரில் இருப்பது என்47 என்ற எஞ்சின். 2007இல் வரத் தொடங்கியது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் ரைமிங் செயின் என்ற சங்கிலி இதில் எஞ்சினின் முன்பக்கம் இல்லை, கியர்பொக்ஸ் பக்கம் இருக்கிறது. முன்னைய வருடங்களில் வந்த எஞ்சின்களில் அது தேய்ந்து தளர்வது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. மாற்றுவதென்றால் கியர்பொக்ஸை அல்லது எஞ்சினையே இறக்க வேண்டும், அதனால்தான் கூலி அதிகம். ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சின் போய்விடும். சத்தம் இருந்தால் வேறு எந்தச் சாமானுக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். காரையும் ஓடாதீர்கள். செயினை முழு செட்டாக மாற்றுவதா, உள்ளபடி சொல்லி விற்பதா என்பது மட்டும்தான் அப்போது மிச்சமிருக்கும் கேள்வி.

சத்தம் இல்லையென்றால் இந்தக் காரில் நம்பிக்கை வைக்க இடமிருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சாமான்களைவிட ஓடும் முறைதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் ஏறக்குறைய 5 கிலோமீற்றர். அந்தத் தூரத்தில் டீசல் எஞ்சின் ஒழுங்காகச் சூடாகாது. புகை பில்டரில் சேரும் கரியை இந்தக் கார் தானாகவே எரித்துத் துப்புரவாக்கும். அதற்குப் பில்டருக்குள் 600 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும், பதினைந்து இருபது நிமிடம் நிற்காத ஓட்டமும் வேண்டும். தொடங்கிய எரிப்பு உங்கள் கடை வாசலில் பாதியில் நின்றுவிடுகிறது. எரிப்புக்கென்று கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலில் கலக்கிறது. ஒயில் நீர்த்தால் முதலில் அடிவாங்குவது அந்த ரைமிங் செயின்தான். பில்டர் பிரச்சினையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஸ்கானரில் வரும் கோட், பழுதான சாமானின் பெயர் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் குழாயையா மாற்றுவோம்? முதலில் தாங்கியைப் பார்ப்போம். இங்கே தாங்கி இரண்டு: எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ரற்றும், பற்றறியும்.

காரின் கணினியை வாசிக்கும் மலிவான ஓபிடி கருவி ஒன்றை போனோடு இணைத்து, அரை மணி நேரம் ஓடிய பிறகு கூலன்ற் (எஞ்சினைக் குளிராக்கும் நீர்) வெப்பநிலையைப் பாருங்கள். 85, 90 பாகையில் நிற்க வேண்டும். நம் வெயிலிலும் அது 70ஐத் தாண்டாமல் நின்றால் தெர்மோஸ்ரற் திறந்தபடியே இறுகிவிட்டது. அப்படியிருந்தால் பில்டரை எரிக்கும் வேலையை எஞ்சின் தொடங்கவே தொடங்காது. இந்த எஞ்சினில் ஈஜிஆர் பக்கத்துக்குத் தனியாக இன்னொரு தெர்மோஸ்ரற்றும் உண்டு, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈஜிஆர் வால்வை மாற்றியும் லைட் திரும்பி வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கலாம்.

கியர்பொக்ஸ் செய்தி வந்து மறைவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது பற்றறியை. காரைப் பூட்டிச் சில மணி நேரம் விட்டுவிட்டு அளந்தால் 12.6 வோல்ற் அளவு இருக்க வேண்டும், 12.2க்குக் கீழே என்றால் அது பாதி வெறுமை. கரண்ட் குறைந்தால் இந்தக் காரின் கணினிகள் சம்பந்தமே இல்லாத பழுதுகளை எல்லாம் சொல்லும். மாற்றினால் ஏஜிஎம் வகைப் பற்றறியே போடுங்கள், புதியது போட்டதைக் கணினியில் பதியவும் வேண்டும். பதியாமல் விட்டால் பழைய பற்றறிக்குக் கொடுத்த மாதிரியே சார்ஜ் கொடுத்துப் புதியதையும் கெடுக்கும். வயல் கரையில் நிறுத்துகிறவர் என்றால் எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். வன்னியில் இதைப் பார்க்காமல் சென்சர் மாற்றுவது வீண்செலவு.

பற்றறி நல்லதாக இருந்தும் அந்தச் செய்தி வந்தால் கியர்பொக்ஸ் ஒயில் எப்போது மாற்றியது என்று தேடுங்கள். கார்க் கம்பனி அதை ஆயுட்கால ஒயில் என்கிறது. கியர்பொக்ஸைச் செய்த இசட்எஃப் கம்பனியோ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் இசட்எஃப் பக்கம்.

டீசல் விடயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஓட்டோ டீசலில் கந்தகம் அதிகம், பில்டர் உள்ள காருக்கு சுப்பர் டீசல்தான். எஞ்சின் ஒயிலும் பிஎம்டபிள்யூவின் எல்எல்-04 தரத்தில் இருக்க வேண்டும். திரை 25,000, 30,000 கிலோமீற்றர் என்று காட்டினாலும் 8,000க்குள் மாற்றிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஏ9 வீதியில் மாங்குளம் வரை ஒரே சீராக 70இல் போய் வாருங்கள், இடையில் நிற்க வேண்டாம். ஸ்பெயார் ரயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். இந்தக் கார்கள் பலவற்றில் அது இல்லை, பதிலாகக் காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் ரன்பிளாற் ரயர் இருக்கும். ரன்பிளாற் ரயர் காற்றுப் போன பிறகு 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் 80 கிலோமீற்றர் தூரம்தான் தாங்கும், சாதாரண ரயருக்கு மாற்றியிருந்தால் அதுவும் இல்லை.

கூலன்ற் கசிவே தெரியாமல் குறைகிறதா? அப்படியானால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். ஈஜிஆர் கூலர் உள்ளே ஒழுகி, கரியோடு சேர்ந்து தீப்பிடிக்கலாம் என்று 2018இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 16 இலட்சம் டீசல் கார்களை பிஎம்டபிள்யூ திருப்பி அழைத்தது. உங்கள் சேசிஸ் இலக்கத்தை முகவரிடம் கொடுத்து அது அதற்குள் அடங்குகிறதா, வேலை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

பில்டரை வெட்டச் சம்மதிக்க வேண்டாம். லைட் அணையும், ஆனால் இறுகிய தெர்மோஸ்ரற் அப்படியே இருக்கும், அதைச் சொல்ல ஒரு லைட்டும் இருக்காது. அந்தக் கரி முழுக்க உங்கள் கடை வாசலில் நிற்கிறவர்களின் நெஞ்சுக்குள் போகும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருக்கிற பழைய சாமான் கடைகளில் கதவு, லைட், கண்ணாடி போன்றவற்றைத் தாராளமாக வாங்கலாம். செயின், தெர்மோஸ்ரற், சென்சர் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள்.

இவ்வளவும் செய்து மூன்று மாதம் ஓடிப் பாருங்கள். அப்போதும் உங்கள் ஓட்டம் பரந்தனோடு நிற்கும் என்றால் விற்றுவிடுங்கள். கார் கெட்டது என்பதற்காக இல்லை, நீண்ட ஓட்டத்துக்குச் செய்த டீசல் அது. கடைக்குப் போய்வரச் சின்ன பெற்றோல் கார் போதும். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கிவிட்டதால், தடைக் காலத்து உயர்ந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். லீசிங் மிச்சம் எவ்வளவு என்று முதலில் கணக்குப் பாருங்கள். விற்கும்போது மாற்றிய சாமான்களின் பில்களை ஒரு பைலில் போட்டு, செயின் மாற்றியதா இல்லையா என்பதை வாங்குகிறவர் கேட்க முதலே சொல்லிவிடுங்கள்.