அம்மாவுக்குப் புரியாது என்று யார் சொன்னது?

கேள்வி: எனக்கு வயது 36, வங்கியில் வேலை. பாரிஸ், மிலான் ஃபேஷன் ஷோக்களை வீட்டிலிருந்தே யூடியூபில் நேரலையாகப் பார்ப்பேன். சில நாள் நடுராத்திரி தாண்டிவிடும். ‘வாங்கவா போறே, எதுக்கு இந்தப் பைத்தியம்?’ என்கிறார் கணவர். தையல் தைத்து என்னைப் படிக்க வைத்த அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். எட்டிப் பார்த்து, ‘அந்தக் கையை எப்படி வெச்சுத் தெச்சிருக்கான்?’ என்று ஏதாவது கேட்பார். அவருக்கு இதெல்லாம் புரியாது, ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். என் ரசனையைப் பகிர்ந்துகொள்ள இந்த வீட்டில் ஒருவர்கூட இல்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: வீட்டில் என் ரசனைக்கு ஆளில்லை என்று மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. செடி, சங்கீதம், சினிமா என்று விஷயம்தான் மாறும். உங்கள் கணவரை விடுங்கள். ஒரு ஷோ ஓடுவது பத்து, பதினைந்து நிமிடம். பார்ப்பதில் தப்பில்லை. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம், பெரும்பாலும் மறுநாளும் அந்த வீடியோ அங்கேயேதான் இருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது அந்த ஹெட்போனைப் படித்தபோது.

உங்கள் அம்மா விலை கேட்கவில்லை. அந்தப் பெண் ஏன் சிரிக்காமல் நடக்கிறாள் என்றும் கேட்கவில்லை. கை எப்படி வைத்திருக்கிறது என்று கேட்டார். தையலில் கஷ்டமான இடங்களில் ஒன்று அது. கைக்குழியில் அரை இஞ்ச் பிசகினால் போதும், கையைத் தூக்கும்போது மொத்த ரவிக்கையும் மேலே ஏறிவிடும். சில விநாடிகளில் நடந்து போய்விடுகிற உடுப்பில் நேராக அந்த இடத்துக்குப் போகிறது அவர் கண். இத்தனை வருடம் பார்த்த உங்கள் கண் என்றைக்காவது அங்கே போனதா?

2024 ஜனவரியில் பாரிஸில் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்துக்கு அடியில் மார்ஜியெலா என்ற ஃபேஷன் நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ஜான் கலியானோ நடத்திய ஷோவை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். கலியானோ பேர் வாங்கியதே துணியை மூலைவாட்டில் வெட்டுவதில்தான். 1920களில் அந்த வெட்டைப் பாரிஸில் புகழ்பெற வைத்தவர் மதலேன் வியோனே என்ற உடை வடிவமைப்பாளர். நேர் இழையில் வெட்டினால் விறைப்பாக நிற்கிற துணி, மூலைவாட்டில் வெட்டினால் கொஞ்சம் இழுபட்டு உடம்போடு படிந்து விழும். நம் ஊரில் கிராஸ் கட் பிளவுஸ் என்று முன்பக்கத்தை அப்படி வெட்டுவதும் இதற்காகத்தான். உங்கள் அம்மா அப்படி எத்தனை பிளவுஸ் வெட்டியிருப்பார்! அந்தக் கூலியில்தானே உங்கள் ஃபீஸ் கட்டினார்?

2023 மார்ச்சில் பாரிஸின் டியோர் ஃபேஷன் நிறுவனம் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஷோ நடத்தியதே, அதற்கான எம்பிராய்டரியைப் போட்டது மும்பையிலேயே உள்ள சாணக்யா பட்டறையின் கைவினைஞர்கள். பாரிஸ்காரர்கள் இவ்வளவு தூரம் தேடி வந்து மதிக்கிற கைத்தொழில் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் காதை அடைத்துக்கொள்கிறீர்கள்.

படிக்க வைத்தவரை ஒன்றும் தெரியாதவராக நடத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. சோறும் மாத்திரையும் வேளைக்குக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெற்றவள் ஒரு கேள்வி கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்வதும் பிள்ளையின் கடமைதான். ‘ஒருவர்கூட இல்லை’ என்று எழுதும்போது அவரை ஆளாகவே கணக்கில் சேர்க்கவில்லையே நீங்கள்!

சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த மார்ஜியெலா ஷோவை டிவியில் போடுங்கள். அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர் நிறுத்தச் சொல்கிற இடத்தில் நிறுத்துங்கள். நீங்கள் விளக்க வேண்டாம், கேளுங்கள். அந்தக் கையை எப்படி வெட்டியிருப்பார்கள் என்று பழைய செய்தித்தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கப்புறமும் தனிமையாக இருந்தால் எழுதுங்கள், அப்போது உங்கள் கணவரைப் பற்றிப் பேசலாம்.