ஆர்.சி. புக்கோடு இருக்கும் சீட்டு

கேள்வி: குழந்தை பிறந்து ஒன்பது மாதம் ஆகிறது. என் மனைவிக்குத் தூக்கமே இல்லை. ராத்திரியில் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். குழந்தைக்கு 14-வது வாரத் தடுப்பூசி போடப் போனபோதே டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, மனநல மருத்துவரிடம் அவளைக் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் 3 லட்சத்துக்குக் குடும்ப இன்சூரன்ஸ் இருக்கிறது. கவுன்சலிங் செலவு அதில் கிடைக்குமா? எச்.ஆருக்குத் தெரிந்துவிடுமா? தனியாக ஒரு பாலிசி எடுத்துவிட்டு அப்புறம் காட்டலாமா? அம்மா பார்த்தால் பெரிதாக்கிவிடுவார் என்பதால் சீட்டை வண்டி ஆர்.சி. புக்கோடு வைத்திருக்கிறேன். பயந்துவிடுவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: இந்தக் கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. எழுதுவது பெரும்பாலும் கணவர்தான், கேட்பது பணத்தைப் பற்றித்தான். ஆனால் ஆர்.சி. புக்கோடு என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

வண்டியின் இன்சூரன்ஸும் அதே கவரில்தான் இருக்கும். போலீஸ் கை காட்டினால் நீட்ட வேண்டுமே, அதைத் தேதி தவறாமல் புதுப்பித்திருப்பீர்கள். குழந்தையையும் ஒன்பதாம் மாத ஊசிக்குத் தவறாமல் தூக்கிப் போயிருப்பீர்கள். ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசி வரைக்கும், கிட்டத்தட்ட ஆறு மாதம், பெற்றவளின் சீட்டு மட்டும் வண்டி இருக்கைக்கடியில் கிடந்திருக்கிறது. அதில் எழுதியிருப்பது உங்கள் பெயரா, அவர் பெயரா? அவருக்கு வந்ததை அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள யார் உங்களுக்கு உரிமை கொடுத்தது? (அந்த டாக்டர் மீதும் எனக்குக் கோபம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமே சொல்லியிருக்கலாம்.)

பயந்துவிடுவாளாம்! தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுகிற பெண்ணுக்கு இனிமேல்தான் பயம் வரவேண்டுமா? நாம் நல்ல தாய் இல்லை போலிருக்கிறது என்று தனியாக மருகிக்கொண்டிருப்பார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு, பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு என்று தெரிந்தால் அவருக்குப் பாதி பாரம் இறங்கும். இன்றே சீட்டை அவர் கையில் கொடுங்கள். ஆறு மாதமாக ஒளித்து வைத்திருந்தேன் என்பதையும் சொல்லுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கேட்டதற்கும் சொல்கிறேன். உடல்நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தரவேண்டும் என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். ஓ.பி.யில் பார்ப்பது காய்ச்சலுக்கானாலும் மனசுக்கானாலும் கைக்காசுதான். உங்கள் பாலிசியில் ஓ.பி. செலவு சேர்த்தி என்று இருந்தால் யோகம். அப்போதும் கவுன்சலிங்குக்கு மனநல மருத்துவர் எழுதிய பரிந்துரையை அநேகமாகக் கேட்பார்கள். க்ளெய்மே போடாவிட்டால் எச்.ஆருக்கு எங்கிருந்து தெரியும்? சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

தனி பாலிசி யோசனையை விட்டுவிடுங்கள். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களில் டாக்டர் சிகிச்சைக்குப் பரிந்துரைத்திருந்தாலே அது ஏற்கெனவே இருந்த நோய்க் கணக்கில் போய்விடும். மறைத்து எழுதினால் க்ளெய்ம் போடும்போது மாட்டிக்கொள்வீர்கள். உண்மையை எழுதினால் மூன்று வருடம்வரை காத்திருக்கச் சொல்வார்கள். அதுவரை குழாய் ஓடிக்கொண்டிருக்கட்டுமா?

காசுதான் தடை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, இலவசம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், அதுவும் இலவசம். நம் நாட்டில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சீட்டுகூட அவசியமில்லை, நேராகப் போகலாம்.

அம்மா பெரிதாக்குவார் என்றால் ஆக்கட்டும். பெற்றவளுக்குச் செய்யவேண்டியதைக் குறைவில்லாமல் செய்யவேண்டும் என்று சொல்கிறவள்தான் நான். அவர் வாய்க்குப் பயந்து பெண்டாட்டியின் நோயை ஒளித்துவைப்பது அந்தக் கடமையில் சேராது. அவரிடம் நீங்களே போய், "டாக்டர்கிட்ட காட்டப்போறோம்மா" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஒரு வேலையும் கொடுங்கள்: ராத்திரி சில மணி நேரம் குழந்தையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும். உங்கள் மனைவி கொஞ்சம் தூங்குவார்.

நடுவில் எப்போதாவது செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றோ, குழந்தையை என்ன செய்துவிடுவேனோ என்றோ அவர் வாயில் வந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்காக உட்கார்ந்திருக்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.